நிறைப் புத்தகத்தில் இல்லாத மணித்தியாலங்கள்

சம்பளப் புத்தகம் எழுதும் வேலைக்குப் புதிதாக வந்த நீங்கள் ஒன்றுகூடும் நாளில் நான் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நாலு பேருக்கு முன்னால் எழுந்து நின்றால் எனக்கு வாய் வராது. சொந்தத் தங்கையின் கலியாணத்திலேயே அடுப்படியை விட்டு வெளியே வராமல் நின்றவள் நான். ஆகவே எழுதித் தருகிறேன். உங்களில் ஒருவர் வாசியுங்கள். நான் பின் வரிசையில் இருந்து கேட்கிறேன்.

சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது. கணக்குப் போடுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சேமலாப நிதிக்கு எத்தனை வீதம், எந்தத் திகதிக்குள் கட்டுவது என்பதையெல்லாம் உங்கள் கணினி என்னைவிடச் சரியாகச் சொல்லும். ஆகக் குறைந்த சம்பளம் எவ்வளவு என்றும் நான் எழுதப் போவதில்லை. அந்தத் தொகை மாறும். மாறும்போது அரச வர்த்தமானியில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது என்னுடைய ஒரு பிழையை. என் புத்தகத்தில் ஒவ்வொரு எண்ணும் சரியாக இருந்தது. அந்தப் புத்தகத்தால் ஒரு மனுசியின் வேலை போகப் பார்த்தது.

நான் கடைசியாக வேலை செய்த இடம் கரையோரத்தில் ஒரு நண்டுத் தொழிற்சாலை. வாசல் பலகையில்தான் அது தொழிற்சாலை. உள்ளே போனால் இரண்டு நீளக் கொட்டகை, ஒரு ஐஸ் அறை, கணக்கு எழுத ஒரு கந்தோர். வள்ளங்களில் வரும் நண்டை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, நீராவியில் அவித்து, ஆறவைப்பார்கள். நீள மேசைகளின் இருபக்கமும் முப்பது பெண்கள் வரை நின்று ஓட்டை உடைத்துச் சதையைப் பிரித்தெடுப்பார்கள். அது பெட்டியில் அடைபட்டு வெளிநாட்டுக்குப் போகும். பெண்களில் பெரும்பாலானோர் குருநகர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் கடற்றொழில் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நான் இணுவிலில் இருந்து பஸ்ஸில் போய் வருவேன். தராசுக்குப் பக்கத்தில் நின்று நிறை எழுதுவதும், மாத முடிவில் அதைச் சம்பளமாக்குவதும் என் வேலை.

எனக்கு வெள்ளிக்கிழமை விரதம். சேர்ந்த முதல் மாதம் ஒரு வெள்ளியன்று நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதை ரெஜினா கண்டுவிட்டாள். மேசையில் ஆக விரைவான கை அவளுடையது. வாயும் அப்படித்தான்.

"கிளாக்கர் அக்கா, நண்டு மணத்தாலை விரதம் முறியுமோ? முறிஞ்சால் சொல்லுங்கோ, எங்கடை கோயில் சுவாமியிட்டை ஒரு மன்னிப்புத் துண்டு வாங்கித் தாறன்."

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அன்றோடு இவர்கள் என்னைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அது அவ்வளவு சுலபமாக நடக்காது என்று பிறகு தெரிந்தது.

சம்பளம் கிலோக் கணக்கு. பின்னேரம் ஒவ்வொருத்தியும் தன் தட்டைக் கொண்டு வந்து தராசில் வைப்பாள். நான் பெயருக்கு நேரே நிறையை எழுதுவேன். முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். ஒருத்தி தட்டை வைத்துவிட்டு, "இதை மெற்றில்டாவின்ரை பேரிலை போடுங்கோ" என்றாள். விசாரித்தால், மெற்றில்டாவின் மகளுக்கு அந்த மாதம் கோயிலில் முதல் நன்மை விழா. இன்னொரு மாதம், புருசன் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருத்தியின் பெயரில் ஒரே நாளில் நாலு தட்டு விழுந்தது. இதைத் 'தட்டுத் தள்ளுறது' என்று சொன்னார்கள். யார் யாருக்கு எவ்வளவு தள்ளினார்கள் என்று ஒரு குறிப்பும் கிடையாது. திருப்பிக் கேட்பதும் கிடையாது. முதலாளிக்கு மொத்த நிறை மாறப்போவதில்லை. யாருக்கும் நட்டம் இல்லைத்தானே என்று நானும் சொன்ன பெயரில் எழுதிக்கொண்டு போனேன். நாலு வருடம் அப்படி எழுதினேன்.

பிறகு ஆகக் குறைந்த சம்பளத்தைச் சட்டம் உயர்த்தியது.

முதலாளி பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கந்தோருக்குள் வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். கொழும்பில் கடை வைத்திருந்தவர், ஊருக்குத் திரும்பி வந்து கடன் எடுத்து இதைத் தொடங்கினார். கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். நத்தார்ப் பண்டிகைக்கு எல்லோருக்கும் சேலை எடுப்பார். யாருடைய பிள்ளைக்கும் சுகமில்லை என்றால் தன் வாகனத்தை அனுப்புவார்.

"அக்கா, இனிக் கிலோவை மட்டும் பாத்தால் போதாதாம். மாதச் சம்பளமோ கிலோவோ, நாள் முழுக்க நிண்ட ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆகக் குறைஞ்சது இவ்வளவு போகவேணுமாம். எட்டாத ஆக்களுக்கு மிச்சத்தை நான் போடவேணும்."

"ஓம், முதலாளி."

"அப்ப ஆர் எட்டுகினம், ஆர் எட்டேல்லை எண்டு எனக்குத் தெரியவேணும். உந்தத் தட்டுத் தள்ளுற விளையாட்டை நிப்பாட்டுங்கோ. அவையவையின்ரை நிறை அவையவையின்ரை பேரிலை. ஒரு மாதம் எழுதிக் காட்டுங்கோ, பாப்பம்."

உண்மையைச் சொன்னால் எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. என்னைப் போல் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு விதி கிடைத்தால் பெரிய உதவி. யாரிடமும் வாய் திறந்து மறுக்கத் தேவையில்லை, விதியைக் காட்டினால் போதும். நான் மேசையில் போய் அறிவிக்கவும் இல்லை. 'அவரவர் நிறை அவரவர் பெயரில் மட்டும் எழுதப்படும்' என்று ஒரு தாளில் எழுதித் தராசில் ஒட்டிவிட்டேன்.

ரெஜினா தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு அதை வாசித்தாள்.

"இதை ஆர் எழுதினது?"

"முதலாளி சொன்னவர்."

"சொன்னது ஆரெண்டு கேக்கேல்லை. எழுதினது ஆர்?"

நான் புத்தகத்தைத் திறந்தேன். அவள் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, சில நேரம் கண்ணை மூடிக்கொண்டு எழுதுறது பாவமில்லை. யோசிச்சுச் செய்யுங்கோ."

"சட்டமே உங்களுக்காகத்தான் வந்திருக்கு, ரெஜினா. எட்டாத ஆக்களுக்கு மிச்சம் வரும்."

"வரும், வரும். வந்தாப் பிறகு சொல்லுங்கோ."

எனக்கு அவள்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நான் படித்தவள்போல் சட்டத்தைச் சொல்லியும் விளங்கிக்கொள்ளவில்லையே என்று.

இரண்டு வாரம் கழித்துப் புத்தகத்தை விரித்துப் பார்த்தபோது ஒரே ஒரு வரி தனியாக நின்றது. மற்றவர்களுக்கு நாலு கிலோ, நாலரை. ரெஜினாவுக்கு ஐந்துக்கு மேல். திரேசம்மாவுக்கு இரண்டு, இரண்டே கால். ஒரு நாள் ஒன்றே முக்கால். அறுபதுக்குக் கிட்டிய வயது அவருக்கு. மேசையின் கடைசியில், யன்னலோரம் நிற்பார். என்னைத் தங்கச்சி என்பார். நான் அவரை அக்கா என்பேன், மேசையில் மற்றவர்கள் மாமி என்பார்கள். பழைய புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். நாலு வருடமாக அவர் பெயருக்கு நேரே மற்றவர்களுக்குச் சமமான நிறை இருந்தது.

மெற்றில்டாவின் பெயரில் தட்டுத் தள்ளியபோது எனக்குச் சொல்லித் தள்ளினார்கள். திரேசம்மாவுக்குச் சொல்லாமல் தள்ளியிருக்கிறார்கள். மேசையிலேயே, தராசுக்கு வர முதல், தட்டில் இருந்து தட்டுக்கு. கந்தோர் ஆளுக்குத் தெரியக்கூடாது என்று. கந்தோர் ஆள் என்றால் நான்தான். தராசில் நான் ஒட்டிய தாளைக் கண்டு பயந்து அதையும் நிறுத்திவிட்டார்கள்.

அன்று தேநீர் நேரத்தில் அவர் கையுறையைக் கழற்றியபோது விரல்களைப் பார்த்தேன். ஒவ்வொரு மூட்டும் வீங்கி, இரண்டு விரல் மடங்கவே இல்லை. நண்டுக் காலை விரலால் உடைக்க முடியாமல் உள்ளங்கையின் அடியால் அமர்த்தி உடைத்திருக்கிறார். நாலு வருடம் அவருடைய நிறையை எழுதியிருக்கிறேன். அந்தக் கையைப் பார்த்தது அன்றுதான்.

மாத முடிவில் முதலாளியும் அந்த வரியில்தான் விரலை வைத்தார்.

"மற்றவைக்குக் கொஞ்சம்தான் குறையுது. கெதியாச் செய்தால் எட்டிப்போடுவினம். உவவுக்கு அரைவாசி. அரை வேலைக்கு முழுச் சம்பளம் நான் எங்கையிருந்து குடுக்கிறது?"

"பாவம், முதலாளி. கை ஏலாது."

"பாவம்தான். நான் இல்லையெண்டேல்லை. பழையபடி கிலோவுக்கு மட்டும் போதும் எண்டு ஒரு கடிதத்திலை கையெழுத்து வைச்சுத் தரட்டும், இருக்கட்டும். ஏலாதெண்டால் வேண்டாம். நீங்கள்தான் பக்குவமாக் கதைக்கவேணும்."

அந்தக் கடிதத்தை நானே எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். 'எனது முழுச் சம்மதத்துடன்' என்று தொடங்கினேன். வேலை போகாமல் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பு எனக்கு. திரேசம்மாவை ஐஸ் அறைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டேன்.

"வேலை இருக்குத்தானே, தங்கச்சி?"

"வேலை இருக்கு, அக்கா. சம்பளம்தான்…"

"சம்பளத்தை விடுங்கோ. எங்கை வைக்கிறது?"

"வாசிச்சுப் பாருங்கோ முதல்."

"வாசிச்சு என்ன?" என்றார். பேனாவை வாங்கிக்கொண்டு கொஞ்சம் நின்றார். "மருமகள் நல்ல பிள்ளைதான். ஆனா காலமை வேலைக்கு வெளிக்கிடுற மனுசிக்கு வைக்கிற தேத்தண்ணியும், வீட்டிலை கிடக்கிற மனுசிக்கு வைக்கிற தேத்தண்ணியும் ஒண்டில்லை. உங்களுக்கு விளங்கும்தானே?"

நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் பேனாவைச் செருகிக் கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சி என்ற இடத்தில் நான் என் பெயரை எழுதினேன்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அந்தச் 'சாட்சி' என்ற சொல் என்னை அரிக்கத் தொடங்கியது. நாளைக்கு யாராவது வந்து பார்த்தால் அந்தத் தாளில் முதலாளியின் பெயர் இல்லை. என் எழுத்தும் என் பெயரும்தான் இருக்கிறது. நல்ல எண்ணத்தில் தொழில் திணைக்களத்துக்குப் போனேன் என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். பயத்தில் போனேன்.

ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு, கடிதத்தின் பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். போய்க் காத்திருப்போர் வாங்கில் இருந்தேன். எனக்குப் பிறகு வந்தவர்களையும் முன்னால் போகவிட்டேன். மதியம் ஆகிவிட்டது. ஒரு பெண் உத்தியோகத்தர், என் மகள் வயது இருக்கும், சாப்பாட்டுக்கு எழுந்து போனவர் திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"அம்மா, காலமை தொடக்கம் இருக்கிறியள். என்ன விசயமா வந்தனீங்கள்?"

பிரதியை நீட்டினேன். நிறுவனத்தின் பெயர் இருந்த இடத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு நீட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"பேரை நான் கேக்கேல்லை. விரலை எடுங்கோ, எழுத்து மறையுது."

வாசித்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கடிதத்துக்கு ஒரு வலுவும் இல்லை."

"அவ விரும்பித்தான் வைச்சவ, மிஸ்."

"விரும்பி வைச்சாலும் இல்லை. ஆகக் குறைஞ்ச சம்பளத்தை விட்டுக்குடுக்கிற உரிமை அவவுக்கே இல்லை."

"அவவுக்கே இல்லையோ?"

"இல்லை. இருந்தால், வேலை தேவையான எல்லாரும் விட்டுக்குடுத்துப்போடுவினம். பிறகு அந்தச் சட்டம் ஆருக்கு? வேலையாலை நிப்பாட்டுறதெண்டாலும் உப்பிடிச் சும்மா நிப்பாட்டேலாது, அதுக்கும் முறை இருக்கு." பிறகு தாளை என்னிடம் திருப்பித் தந்துகொண்டே கேட்டார்: "எத்தினை மணிக்கு வேலைக்கு வருவினம்?"

"எட்டுக்கு."

"எட்டுக்கு நண்டு இருக்குமோ?"

தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

எட்டு மணிக்கு நண்டு இருப்பது பாதி நாள்தான். காற்று மாறினால் வள்ளம் பிந்தும். தூரத்து இறங்குதுறைகளில் இருந்து வரும் லொறி பிந்தும். ஒன்பதரை, பத்தரை, சில நாள் பதினொன்று. அதுவரை பெண்கள் தொப்பியும் ஏப்ரனும் கட்டிக்கொண்டு கழுவிய மேசைக்கு முன்னால் நிற்பார்கள். வீட்டுக்குப் போய் வர முடியாது. அவித்த நண்டு காத்திருக்காது, உடனே கை வைக்க ஆள் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் கிலோ இல்லை. கிலோ இல்லாதபடியால் என் புத்தகத்தில் அந்த நேரமும் இல்லை.

"அதுவும் வேலை நேரம்தான், அம்மா," என்றார் அவர். "வரச்சொன்னது முதலாளி. நிக்கிறதும் அவருக்காகத்தான்."

அவ்வளவுதான் அவர் எனக்குச் சொன்னது. பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவரும் என் பெயரைக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வாசல் காவலுக்கு நிற்கும் அன்ரன் அண்ணையிடம் போனேன். லொறி வந்த நேரத்தை அவர் ஒரு கொப்பியில் குறித்து வைப்பார்.

"என்னத்துக்குப் பிள்ளை? லொறிக்காரன் ஏதும் களவோ?"

"இல்லை அண்ணை. பிழை என்னிலைதான்."

"உன்னிலையோ?" என்று மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொப்பியைத் தந்தார்.

ஒவ்வொரு நாளின் நிறைக்கும் பக்கத்தில் லொறி வந்த நேரத்தை எழுதினேன். பெரிய கணக்கு ஒன்றும் இல்லை, பத்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். லொறி எட்டரைக்கு முன் வந்த நாட்களில் கிட்டத்தட்ட எல்லோரும் நாள் தொகையை எட்டியிருந்தார்கள். பிந்திய நாட்களில் ஒருத்தரும் எட்டவில்லை. ரெஜினாவும் எட்டவில்லை. "கெதியாச் செய்தால் எட்டிப்போடுவினம்" என்று முதலாளி சொன்னது நினைவுக்கு வந்தது. இல்லாத நண்டை எவ்வளவு விரைவாக உடைப்பது?

ஆனால் திரேசம்மா லொறி நேரத்துக்கு வந்த நாட்களிலும் எட்டவில்லை. அதையும் அப்படியே எழுதினேன். ஒரு பக்கத்துக்குச் சாதகமானதை எழுதி மற்றதை விட்டால், அதன் பிறகு உங்கள் புத்தகத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

புத்தகத்தை முதலாளியின் மேசையில் விரித்து வைத்தேன். கதைக்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது பாடமாக்கி வந்த வசனம் எதுவும் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் சிவந்தது.

"இதை ஆர் எழுதச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"ஒரு ஆளைப் பற்றிக் கேட்டன். நீங்கள் முப்பது பேரையும் கொண்டு வந்து என்ரை தலையிலை வைக்கிறியள்."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னும் ஒரு தடவை பக்கத்தைப் புரட்டினார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"சரி. பிந்தின நாளுக்கு எல்லாருக்கும் போடுறன். சட்டமெண்டால் சட்டம்தான். அப்ப உவ? லொறி நேரத்துக்கு வந்த நாளும் எட்டேல்லையே. நீங்களே எழுதியிருக்கிறியள்."

அப்போது நான் கதைத்தேன். எப்படிக் கதைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"முதலாளி, கிலோவிலை அவ அரை ஆள்தான். சட்டத்திலை அரை ஆள் எண்டு ஒண்டு இல்லை. எட்டுக்கு வந்து அஞ்சு மணி வரைக்கும் நிக்கிறா. அந்தக் கடிதமும் செல்லாதாம். என்ரை பேரைச் சாட்சியாப் போட்டுப் பிழை விட்டிட்டன். அதை நான் பைலிலை வைக்கமாட்டன்."

"கேட்டுக்கொண்டும் வந்திட்டியளோ?" என்றார். புத்தகத்தை மூடினார். "நான் நிப்பாட்டேல்லை. தானாய் வேலையை விட்டு நிக்கிறன் எண்டு அவ ஒரு கடிதம் தரட்டும். நீங்கள் கதைக்கமாட்டியள் எண்டால் நானே கதைக்கிறன்."

எழுந்து கொட்டகைக்குப் போனார். நான் பின்னால் போனேன். அன்றும் லொறி பிந்தியிருந்தது. ஒன்பதரை மணி. பெண்கள் கழுவித் துடைத்த வெறும் மேசைகளுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள்.

முதலாளி திரேசம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னார். கை ஏலாமல் இப்படி நின்று கஷ்டப்படத் தேவையில்லை என்றும், தானாக விலகுவதாக ஒரு கடிதம் தந்தால் கையில் ஏதாவது தந்து மரியாதையாக அனுப்புவதாகவும் சொன்னார். திரேசம்மா கையைப் பின்னால் கொண்டு போய் ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். விரல் மடங்காதபடியால் முடிச்சு அவிழவில்லை. கொட்டகை முழுவதும் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றது.

"விடுங்கோ மாமி," என்றாள் ரெஜினா. பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினாள். "அவ கடிதம் தரட்டும், முதலாளி. அப்ப நாங்களும் ஒண்டு தாறம்."

"நீங்கள் என்ன கடிதம்?"

"கிலோவுக்குத்தானே சம்பளம்? அப்ப கிலோ வந்தாப் பிறகு வாறம். லொறி வந்து நண்டு அவிஞ்சதும் ரெலிபோனிலை ஒரு கோல் அடியுங்கோ. உலையை இறக்கி வைச்சிட்டு வாறன்."

"நான் பிள்ளையைக் குளிக்க வாத்துப்போட்டு வாறன்," என்றாள் அடுத்தவள்.

"எனக்கு பஸ் கிடைக்கவேணும். கிடைச்சால் வாறன்."

"நான் பூசைக்குப் போட்டு வாறன். உங்களுக்காகவும் மன்றாடுறன், முதலாளி."

சிரிப்பு எழுந்தது. முதலாளி சிரிக்கவில்லை. அவித்த நண்டு அந்த வெக்கையில் ஒரு மணி நேரம் கிடந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். வெறும் மேசைகளைப் பார்த்தார்.

"அப்ப சும்மா நிக்கிறதுக்கும் சம்பளம் எண்டுறியள்."

"ஆர் சும்மா நிக்கிறது?" என்றாள் ரெஜினா. இந்தத் தடவை அவள் குரலில் பகிடி இல்லை. "உங்கடை நண்டு பழுதாகாமல் இருக்கத்தான் நிக்கிறம். மாமியும் அதுக்குத்தான் நிக்கிறா."

அவர் கடிதத்தைப் பற்றி மேற்கொண்டு பேசாமல் திரும்பிக் கந்தோருக்குப் போய்விட்டார். திரேசம்மாவின் ஏப்ரன் முடிச்சை யாரோ பின்னால் நின்று இறுக்கிக் கட்டிவிட்டார்கள்.

பின்னேரம் அவர் என் மேசைக்கு வந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "போடுங்கோ. எல்லாருக்கும். உவவுக்கும். லொறி நேரத்துக்கு ஒரு பத்தி கீறுங்கோ."

பிறகு அவர் லொறிக்காரரோடும் வள்ளக்காரரோடும் சண்டை பிடித்து, பிந்தும் நாட்களைக் குறைத்தார். காத்திருப்புக்குத் தானே பணம் கொடுக்க வேண்டி வந்ததும் காத்திருப்பு குறைந்தது. இதை நீங்கள் ஞாபகம் வைத்திருந்தால் நல்லது. சட்டத்தைக் காட்டி ஒரு முதலாளியைத் தோற்கடிக்கத் தேவையில்லை. அவருடைய கண்ணுக்குப் படாத ஒன்றை அவருடைய புத்தகத்தில் ஏற்றிவிட்டால், பாதி வேலையை அவரே செய்துவிடுவார்.

தட்டுத் தள்ளுவது நின்றுவிட்டது. நின்றது என்றால், என் புத்தகத்தில் நின்றது. சம்பள நாளன்று வாசலுக்கு வெளியே, மதில் ஓரத்தில், கையில் இருந்து கைக்கு ஏதோ மாறுவதை நான் சில தடவை கண்டிருக்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பார்க்காமல் போய்விடுவேன். ரெஜினா சொன்ன கண்ணை மூடுவதற்குரிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். புத்தகத்துக்குள் மூடக்கூடாது. ஆனால் புத்தகத்தில் எழுதத் தொடங்க முதல், இதை எழுதினால் யாரைச் சுடும் என்று மேசைக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும். நான் தாளை ஒட்டிவிட்டு ஒளிந்துகொண்டேன். உங்களிலும் கூச்சம் உள்ளவர்கள் இருப்பீர்கள். கூச்சம் குற்றம் இல்லை. ஆனால் சம்பளம் எழுதுகிறவருக்கு அது ஆபத்து. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டால், நீங்கள் எழுதும் சரியான எண்ணும் பொய் சொல்லும்.

அந்தக் கடிதத்தைத் திரேசம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். "நல்ல எழுத்து, வீணாப் போச்சு" என்று சொல்லி மடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் முதலாம் திகதியில் இருந்து அவருக்கு எப்படியும் நாள் தொகை முழுவதும் உண்டு. நிறை அதைக் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை. ஆகவே அன்று பின்னேரம், அவர் வர முதலே, அவருடைய பெயருக்கு நேரே நான் ஒரு கோடு போட்டுவிட்டேன். எல்லோரும் நிறுத்து முடிந்த பிறகு கடைசி ஆளாக வந்து தட்டைத் தராசில் வைத்தார்.

"அக்கா, உங்களுக்கு இனி நிறுக்கத் தேவையில்லை."

"ஏன், என்ரை நண்டு நண்டில்லையோ? நிறுங்கோ, தங்கச்சி."

நிறுத்தேன். இரண்டு கிலோ நூறு கிராம். கோட்டுக்கு மேலேயே எழுதினேன். அவர் குனிந்து, தன் பெயரில் மடங்காத விரலை வைத்து, அந்த எண் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்.

"குறைவுதான், என்ன?" என்றார். "பரவாயில்லை. இவ்வளவும் நான் உடைச்சது."